ஆளற்றுப் போகும் கிராமங்களும் அரசாங்கத்தின் பணமும்: ஜப்பானின் அனுபவம் உணர்த்துவது என்ன?

ஜப்பானின் ஷிக்கோக்கு தீவில், டொகுஷிமா மாகாணத்தின் மலைப் பள்ளத்தாக்கொன்றில் நகோரோ என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஒரு காலத்தில் சுமார் 300 பேர் வாழ்ந்த அவ்வூரில் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. அவர்களுள் பெரும்பாலானோர் முதியவர்கள். ஆயினும் அவ்வூருக்குச் செல்பவர் கண்ணுக்கு வீதியோரத்திலும் வயல் வரம்பிலும் பஸ் தரிப்பிடத்திலும் மனிதர்கள் அமர்ந்திருப்பது போலத் தோன்றும். அருகில் சென்று பார்த்தால்தான் அவை பழைய துணியாலும் வைக்கோலாலும் செய்யப்பட்ட ஆளுயரப் பொம்மைகள் என்பது தெரியவரும். அவ்வூரின் பாடசாலை 2012 ஆம் ஆண்டு மூடப்பட்டது. இப்போது அதன் வகுப்பறையில் பொம்மை ஆசிரியர் நிற்க, பொம்மை மாணவர்கள் அமர்ந்திருக்கின்றனர். ஊரவரைவிடப் பொம்மைகளின் தொகை பன்மடங்கு அதிகமாகும்.

ஊர் வெறுமையாவது என்றால் என்னவென்று எமது வாசகர்களுக்கு விளக்கிக் கூற வேண்டிய தேவையில்லை. பூட்டிய வீடுகளும் பற்றை மண்டிய வளவுகளும் பாவனையற்ற கிணறுகளும் எமக்குப் புதியனவல்ல. ஆனால், எமது ஊர்கள் யுத்தத்தினாலும் வெளியேற்றத்தினாலும் வெறுமையாகின. ஜப்பானின் கிராமங்களோ சமாதான காலத்தில், நாடு செல்வம் கொழித்த வேளையில், ஒரு குண்டுகூட வெடிக்காமலேயே வெறுமையாகின. அதுவும், அவற்றைக் காப்பாற்றுவதற்கென அரை நூற்றாண்டுக்கும் மேலாக அரசாங்கம் சட்டங்களை இயற்றி, பெருந்தொகைப் பணத்தைச் செலவிட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே இது நிகழ்ந்தது. இத்துணை முயற்சிக்குப் பின்னரும் அந்நாட்டின் கிராமங்கள் ஏன் மீளவில்லை? மீண்ட ஒரு சில ஊர்கள் எவ்வாறு மீண்டன? இவ்விரு கேள்விகளும் ஜப்பானியருக்கு மட்டும் உரியவையல்ல என்பதனாலேயே இதனை இங்கு ஆராய முற்படுகின்றோம்.

கிராமங்கள் வெறுமையான விதம்

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர், 1950 களிலும் 1960 களிலும் ஜப்பானின் கைத்தொழில் துறை பெருவேகத்தில் வளர்ந்தது. கனிஷ்ட இடைநிலைக் கல்வியை முடித்த கிராமத்துச் சிறுவர் சிறுமியர் விசேட புகையிரதங்களில் கூட்டம் கூட்டமாக டோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் தொழிலுக்காக அனுப்பப்பட்டனர். அதே காலப்பகுதியில், மலைக் கிராமங்களின் வாழ்வாதாரமாக விளங்கிய மரக்கரி உற்பத்தியை மண்ணெண்ணெயும் எரிவாயுவும் அழித்தன. இறக்குமதி செய்யப்பட்ட மரம் உள்ளூர் மரத்தின் விலையை வீழ்த்தியது. நிலக்கரிச் சுரங்கங்களின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டது. இளைஞர்கள் போனார்கள், பெற்றோர் எஞ்சினர். பின்னர் அப்பெற்றோரும் முதுமையடைந்து மறைந்தனர்.

அந்நாட்டின் மொத்தச் சனத்தொகை 2008 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 12 கோடி 80 இலட்சத்துடன் உச்சத்தை அடைந்து, அதன் பின்னர் இறங்கத் தொடங்கியது. 1949 ஆம் ஆண்டில் அங்கு சுமார் 27 இலட்சம் குழந்தைகள் பிறந்தன. 2024 இல் பிறந்தவையோ 7 இலட்சத்துக்கும் குறைவு. அவ்வாண்டில் பிறப்புகளைவிட இறப்புகள் 9 இலட்சத்துக்கு மேல் அதிகமாக இருந்தன. 65 வயதைக் கடந்தோர் மொத்தச் சனத்தொகையில் 29 வீதத்தினர். மறுபுறத்தில், டோக்கியோவையும் அதனை அடுத்துள்ள மூன்று மாகாணங்களையும் கொண்ட தலைநகரப் பகுதியில் மட்டும் நாட்டின் மக்களுள் பத்தில் மூவர் நெருங்கி வாழ்கின்றனர்.

1990 களின் தொடக்கத்தில் ஓனோ அகிரா என்ற சமூகவியலாளர் இந்நிலைக்கு ஒரு பெயர் சூட்டினார். குடிமக்களுள் அரைவாசிக்கு மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தோராக இருந்து, வாய்க்கால் துப்புரவு, வீதிப் பராமரிப்பு, மரணச் சடங்கு போன்ற பொதுக் காரியங்களைக் கூட ஊரவர் தாமாகச் செய்ய இயலாத நிலையை எட்டிய ஊர்களை அவர் 'எல்லைக் கிராமங்கள்' என்றார். ஓர் ஊர் உயிருடன் இருக்கிறதா என்பதை அங்கு நிற்கும் கட்டிடங்களைக் கொண்டு அவர் அளக்கவில்லை. சேர்ந்து செய்யும் ஆற்றல் ஊரவரிடம் எஞ்சியிருக்கிறதா என்பதையே அளவுகோலாகக் கொண்டார் என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

வீதிகளும் மண்டபங்களும்

மக்கள்தொகை குறையும் பிரதேசங்களுக்கான முதலாவது அவசர நடவடிக்கைச் சட்டம் 1970 ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டது. பத்தாண்டுகளுக்கென இயற்றப்பட்ட அச்சட்டம் 1980, 1990, 2000 ஆம் ஆண்டுகளில் புதிய பெயர்களில் மீள இயற்றப்பட்டது. தற்போது 2021 இன் சட்டம் நடைமுறையிலுள்ளது. இச்சட்டங்களின் கீழ் உள்ளூராட்சி சபைகள் விசேட கடன் பத்திரங்களை வெளியிட்டு நிதி திரட்டலாம். அக்கடனை மீளச் செலுத்தும் தொகையில் 70 வீதத்தை, சபைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் வரி நிதியின் ஊடாக மத்திய அரசாங்கமே ஏற்றுக்கொள்கின்றது. அதாவது, ஒரு கிராம சபை 100 யென் கடன்பட்டால் அதன் தலையில் விழுவது 30 யென் மட்டுமே.

இந்த ஏற்பாட்டினால் நன்மை விளையவில்லை என்று கூறிவிட முடியாது. மலைக் கிராமங்களுக்கு வீதியும் பாலமும் குடிநீரும் மருத்துவ நிலையமும் கிடைத்தன. நகரத்தவருக்கும் கிராமத்தவருக்கும் இடையே வாழ்க்கை வசதிகளிலிருந்த பாரிய இடைவெளி குறைந்தது. ஆனால், 70 வீதத்தை இன்னொருவர் செலுத்துவார் என்னும்போது, தேவையானதைவிடக் கட்டக்கூடியதையே கட்டுவது மனித இயல்பாகும். மண்டபங்களும் விளையாட்டு அரங்குகளும் அருங்காட்சியகங்களும் எழுந்தன. வீதி போடப்பட்டதும் அவ்வீதி வழியாக இளைஞர்கள் திரும்பி வரவில்லை; எஞ்சியிருந்தோரும் அதே வீதி வழியாக வெளியேறினர். 2022 ஆம் ஆண்டில், நாட்டிலுள்ள 1,718 நகர, கிராம சபைகளில் 885 சபைகளின் பிரதேசங்கள் முழுமையாகவோ பகுதியாகவோ மக்கள்தொகை குறைந்த பிரதேசங்களாக அறிவிக்கப்பட்டிருந்தன. அரைவாசியைத் தாண்டியது அதுவே முதற்தடவை. நாட்டின் நிலப்பரப்பில் பெரும்பகுதியை உள்ளடக்கிய அப்பிரதேசங்களில் வாழ்வோர் மொத்தச் சனத்தொகையில் பத்தில் ஒரு பங்கிலும் குறைவானோரே.

1988-89 காலப்பகுதியில் பிரதமர் தகேஷிதா நொபொருவின் அரசாங்கம் இன்னொரு வழியைக் கையாண்டது. நாட்டிலுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சபைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குத் தலா 10 கோடி யென் வழங்கப்பட்டது. எதற்குச் செலவிடுவது என்பதை அந்தந்த ஊரே தீர்மானிக்கலாம் எனக் கூறப்பட்டது. எண்ணம் நல்லதுதான். ஆனால் யோசிப்பதற்குப் போதிய அவகாசமோ பழக்கமோ இல்லாத ஊர்கள் திகைத்தன. சில ஊர்கள் வெந்நீர் ஊற்றுத் தோண்டின. அவாஜி தீவிலுள்ள ட்சுனா என்ற ஊர் பெரும் தங்கக் கட்டியொன்றைப் பெற்றுக் காட்சிக்கு வைத்தது. அதனைத் தொட்டுப் பார்க்க உல்லாசப் பயணிகள் திரண்டனர் என்பது உண்மையே. 2010 இல் அத்தங்கம் உரிய நிறுவனத்திடமே திருப்பிக் கொடுக்கப்பட்டது.

யுபரி நகரின் வீழ்ச்சி

கட்டிடங்களை நம்பிய கொள்கையின் எல்லையை யுபரி நகரின் கதை தெளிவாகக் காட்டுகின்றது. ஹொக்கைடோ தீவிலுள்ள இந்நகரம் நிலக்கரியால் வளர்ந்தது. 1960 இல் அங்கு சுமார் 1 இலட்சத்து 17 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1981 இல் நிகழ்ந்த எரிவாயு விபத்தில் 93 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். 1990 இல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. சுரங்கத்துக்குப் பதிலாகச் சுற்றுலா என்ற சுலோகத்துடன் நகரசபை கேளிக்கைப் பூங்காவையும் நிலக்கரி அருங்காட்சியகத்தையும் அமைத்தது. உல்லாச விடுதியையும் பனிச்சறுக்குத் திடலையும் நடத்தியது. வருமானம் வரவில்லை. பற்றாக்குறையைக் குறுகியகாலக் கடன்களால் மறைத்து வந்த நகரசபை, 2006 இல் உண்மையை ஒப்புக்கொண்டு, 2007 இல் வங்குரோத்து நிலைக்குரிய நிதி மீளமைப்புத் திட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதன் கடன் 3,530 கோடி யென்னாகும்.

அக்கடனை யார் செலுத்தினார்கள்? பூங்காவைத் திட்டமிட்டவர்களோ, அதற்கு ஊக்கமளித்தவர்களோ அல்லர். நகரில் எஞ்சியிருந்த முதியவர்களே செலுத்தினார்கள். வரிகளும் கட்டணங்களும் உயர்ந்தன. நகரசபை ஊழியர்கள் பெருமளவில் குறைக்கப்பட்டனர். நூலகம் மூடப்பட்டது. 171 கட்டில்களைக் கொண்டிருந்த வைத்தியசாலை 19 கட்டில்களுடனான சிகிச்சை நிலையமாகச் சுருங்கியது. முழு நகருக்கும் ஓர் ஆரம்பப் பாடசாலையும் ஓர் இடைநிலைப் பாடசாலையுமே எஞ்சின. பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் வெளியேறின. இன்று யுபரியின் சனத்தொகை 7 ஆயிரத்துக்கும் குறைவாகும். சனத்தொகை குறைவதால் சேவை குறைகின்றது. சேவை குறைவதால் சனத்தொகை மேலும் குறைகின்றது. இச்சுழலை யுபரியில் தெளிவாகக் காணலாம்.

இணைக்கப்பட்ட சபைகள், பெயரிடப்பட்ட ஊர்கள்

சிறிய சபைகளை இணைத்துப் பெரிதாக்கினால் செலவு குறையும் என்ற எண்ணத்தில், 1999 முதல் 2010 வரை பாரிய இணைப்பு நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது. இணைய இணங்கிய சபைகளுக்குச் சலுகைக் கடன் கிடைத்தது. இணங்காத சபைகள் தமது நிதி ஒதுக்கீடு குறைந்துவிடும் என அஞ்சின. 3,232 ஆக இருந்த சபைகளின் தொகை 1,727 ஆகக் குறைந்தது. நிர்வாகச் செலவு ஓரளவு குறைந்திருக்கலாம். ஆனால், மலைக் கிராமத்தின் நடுவே இருந்த சபை அலுவலகம் மூடப்பட்டபோது, அதில் பணியாற்றிய இளம் குடும்பங்களும் நகருக்கு நகர்ந்தன. அலுவலகத்தை நம்பியிருந்த கடையும் தேநீர்ச்சாலையும் மூடப்பட்டன. ஊரின் குறையைச் சொல்ல ஊரவர் தெரிவுசெய்த பிரதிநிதியும் இல்லாமற்போனார். செலவைக் குறைத்த அதே கத்தி, முடிவெடுக்கும் கையையும் வெட்டிவிட்டது எனலாம்.

2014 மே மாதத்தில், முன்னாள் அமைச்சர் மசுதா ஹிரோயா தலைமையிலான குழு வெளியிட்ட அறிக்கை நாட்டை உலுக்கியது. 20 முதல் 39 வயது வரையிலான பெண்களின் தொகை 2040 ஆம் ஆண்டுக்குள் அரைவாசியாகவோ அதற்கும் கீழாகவோ குறையக்கூடிய 896 சபைகள் 'மறைந்துபோகக்கூடியவை' எனப் பெயர் குறிப்பிடப்பட்டன. அவ்வாண்டிலேயே பிரதமர் அபேயின் அரசாங்கம் பிராந்திய மீளெழுச்சிக்கெனச் சட்டம் இயற்றி, இஷிபா ஷிகெருவைத் தனி அமைச்சராக நியமித்தது. தலைநகரப் பகுதிக்குள் வருவோர் தொகையையும் வெளியேறுவோர் தொகையையும் 2020 ஆம் ஆண்டுக்குள் சமப்படுத்துவது என இலக்கு வகுக்கப்பட்டது. அவ்விலக்கு எட்டப்படவில்லை. 2019 இல், வெளியேறியோரைவிட உள்ளே வந்தோர் ஒரு இலட்சத்துக்கு மேல் அதிகமாக இருந்தனர். கொவிட் தொற்றுக் காலத்தில் தணிந்த இப்பெயர்வு பின்னர் மீண்டும் தலைதூக்கியது. அதே இஷிபா 2024 ஒக்டோபரில் பிரதமரானபோது, இம்முயற்சிக்குப் புத்துயிர் அளிப்பதாக அறிவித்து மானியத்தை இரட்டிப்பாக்க நேர்ந்தமையே, பத்தாண்டுகளில் எவ்வளவு தூரம் செல்ல முடியவில்லை என்பதற்குச் சான்றாகும்.

டோக்கியோ நகரை விட்டுக் கிராமத்தில் குடியேறும் குடும்பத்துக்கு 10 இலட்சம் யென் வரை வழங்கும் திட்டம் 2019 இல் தொடங்கப்பட்டது. 2023 முதல் பிள்ளையொன்றுக்கு மேலும் 10 இலட்சம் யென் வரை சேர்க்கப்பட்டது. கலாசார அலுவல்கள் முகவரகம் 2023 இல் டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு மாற்றப்பட்டது. ஆனால் ஏனைய அமைச்சுகள் தலைநகரிலேயே தங்கிவிட்டன. தொழிலும் பல்கலைக்கழகமும் அதிகாரமும் ஒரே இடத்தில் குவிந்திருக்கையில், போகிறவருக்கு வழிச்செலவு கொடுப்பதனால் மட்டும் நீரோட்டம் திசைமாறிவிடாது.

ஊரை நேசிப்போர் தாம் விரும்பிய சபைக்கு நன்கொடை வழங்கி, வரிச்சலுகை பெறும் 'சொந்த ஊர் வரி' முறை 2008 முதல் நடைமுறையிலுள்ளது. 2023 நிதியாண்டில் இவ்வாறு சேர்ந்த தொகை ஒரு இலட்சம் கோடி யென்னைத் தாண்டியது. சில ஊர்களுக்கு இது பெரும் வரமாயிற்று. ஆயினும், நன்கொடையாளருக்கு ஊர்கள் அனுப்பும் மாட்டிறைச்சியும் கடலுணவுமே பலரை ஈர்த்தன. சபைகளுக்கிடையே பரிசுப் போட்டி மூண்டதால், பரிசின் பெறுமதி நன்கொடையில் 30 வீதத்தை மீறலாகாது என 2019 இல் சட்டம் கொண்டுவரப்பட்டது. இதிலும், குடும்பங்களை ஈர்க்கச் சபைகள் வழங்கும் சலுகைகளிலும் ஒரே குறைபாட்டையே காண்கின்றோம். நாடு முழுவதும் பிள்ளைகளின் தொகை குறைகையில், ஓர் ஊர் இன்னோர் ஊரின் குடும்பத்தை இழுத்துக்கொள்வது அவ்வூருக்கு வெற்றியாகலாம். நாட்டுக்கு அது வெற்றியாகாது.

மீண்ட ஊர்கள்

எனினும், இருள் மட்டுமே சூழ்ந்துள்ளதென்று கொள்வது தவறாகும். தாமாக எழுந்து நின்ற ஊர்களும் உள்ளன.

ஒய்டா மாகாணத்தின் ஒயாமா என்ற மலையூர், நெல் விளைவிக்குமாறு அரசாங்கம் வலியுறுத்திய காலத்தில், 1961 இல் அதற்கு மாறாக பிளம் மரங்களையும் செஸ்நட் மரங்களையும் நட்டது. செங்குத்தான சிறு நிலங்களில் நெல் பயன் தராது என்பதை டோக்கியோ அறியாவிட்டாலும் ஊரவர் அறிந்திருந்தனர். 1979 இல் மாகாண ஆளுநராகத் தெரிவான ஹிரமட்சு மொரிஹிக்கோ இந்த அனுபவத்திலிருந்து 'ஒரு கிராமம், ஒரு உற்பத்தி' இயக்கத்தை உருவாக்கினார். இவ்வியக்கத்தில் மாகாணம் நேரடி மானியம் வழங்கவில்லை. தொழில்நுட்ப ஆலோசனையும் சந்தை வாய்ப்பும் பயிற்சியுமே வழங்கியது. பின்னர் தாய்லாந்து முதலிய நாடுகள் இதனைப் பின்பற்றின.

டொகுஷிமாவின் கமிகட்சு என்ற ஊரில் 1981 இன் கடுங்குளிர் தோடை மரங்களை அழித்தது. வேளாண்மைக் கூட்டுறவுச் சங்க அலுவலர் ஒருவர், உயர்தர உணவகங்கள் தட்டை அலங்கரிக்கப் பயன்படுத்தும் இலைகளும் பூக்களும் தம் ஊரில் வீணே உதிர்வதைக் கண்டுணர்ந்தார். 1986 இல் இலை வியாபாரம் தொடங்கியது. பாரமற்ற அவ்வேலையை வயோதிபப் பெண்கள் இலகுவாகச் செய்தனர். அன்றன்றைய கேள்வியையும் விலையையும் கணினியில் பார்த்து இலை பறிக்கும் அம்மூதாட்டிகளின் படம் உலகெங்கும் பரவியது. முதியோர் சுமையல்லர் என்பதை அவர்கள் காட்டினர்.

எமது கருத்தில் மிக முக்கியமானது ஷிமானே மாகாணத்துக் கடலிலுள்ள அமா என்ற தீவூரின் அனுபவமாகும். 2002 இல் தெரிவான முதல்வர் யமாவுச்சி மிச்சியோ, அயற்தீவுகளுடன் சபையை இணைக்க மறுத்து, முதலில் தமது சம்பளத்தை வெட்டினார். பின்னர் அதனை அரைவாசியாகக் குறைத்துக்கொண்டார். அதனைக் கண்ட உறுப்பினர்களும் ஊழியர்களும் தம் சம்பளத்தையும் குறைக்க முன்வந்தனர். மிச்சப்பட்ட பணத்தில் ஒரு பகுதி குழந்தைகளுள்ள குடும்பங்களுக்குச் சென்றது. பிடித்த மீனையும் சிப்பியையும் புத்தம்புதிதாக உறையவைத்து நகரச் சந்தைக்கு அனுப்பும் வசதி ஏற்படுத்தப்பட்டது.

ஆனால் தீவின் உயிர்நாடி உயர்தரப் பாடசாலையே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். 2008 அளவில் மாணவர் தொகை 90 க்கும் கீழே இறங்கி, பாடசாலை மூடப்படும் ஆபத்து நெருங்கியது. அது மூடப்பட்டால் பிள்ளைகள் 15 வயதிலேயே தீவை விட்டுச் செல்ல வேண்டும். அவர்களுடன் தாய்மாரும், சில வேளை முழுக் குடும்பமும் செல்லும். எனவே பாடசாலையை ஒடுக்குவதற்குப் பதிலாக, பிற பகுதி மாணவர்கள் தேடிவரும் பாடசாலையாக அதனை மாற்றினர். தீவின் பிரச்சினைகளே பாடமாயின. தலைநகரிலிருந்தும் மாணவர்கள் வந்து விடுதியில் தங்கிக் கற்கத் தொடங்கினர். சில ஆண்டுகளில் மாணவர் தொகை ஏறத்தாழ இருமடங்காகியது. பல நூறு வெளியூரார் தீவில் குடியேறினர்.

ஒகயாமா மாகாணத்தின் நகி என்ற ஊரும் 2002 இல் பொதுசன வாக்கெடுப்பு நடத்தி இணைப்பை நிராகரித்தது. உறுப்பினர் தொகையையும் ஊழியர் செலவையும் குறைத்து, அப்பணத்தைப் பிள்ளைகளுக்கெனத் திருப்பியது. உயர்தர வகுப்பு முடியும்வரை இலவச வைத்தியம், தாய்மார் ஒருவர் பிள்ளையை மற்றொருவர் பார்த்துக்கொள்ளும் பொது இல்லம் எனப் பல ஏற்பாடுகள் செய்யப்பட்டன. 2019 இல் அவ்வூரின் கருவள வீதம் 2.95 ஆக இருந்தது. டோக்கியோவில் 2023 இல் அது 0.99 ஆகும். நகியில் படைத்தளம் ஒன்று இருப்பதால் அதற்கு மேலதிக வருவாய் உண்டென்பதையும் மறைத்தலாகாது. எனினும், வருவாயை மண்டபத்தில் கொட்டாமல் மடியிலுள்ள பிள்ளையிடம் கொண்டுசேர்த்தது அவ்வூரின் தீர்மானமே.

மத்திய அரசாங்கத்தின் திட்டங்களுள் ஓரளவு பயன் தந்தது, 2009 இல் ஆரம்பிக்கப்பட்ட பிராந்திய எழுச்சி ஒத்துழைப்பு அணியாகும். நகரத்து இளைஞர்கள் மூன்றாண்டுகள் வரை ஊதியத்துடன் கிராமத்தில் தங்கிப் பணியாற்ற இது வழிசெய்தது. முதலாண்டில் 89 பேருடன் தொடங்கிய இவ்வணியில் 2023 இல் சுமார் 7,200 பேர் இருந்தனர். பணிக்காலம் முடிந்தோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அதே பிரதேசத்திலோ அயலிலோ தங்கிவிட்டனர். மானியத்தைக் கட்டிடத்துக்குக் கொடுப்பதற்கும் மனிதருக்குக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இது காட்டுகின்றது.

இவ்வூர்களின் வெற்றியை மிகைப்படுத்திக் கூறுவதும் நேர்மையாகாது. கமிகட்சுவில் இன்று சுமார் ஆயிரத்து ஐந்நூறு பேருக்கும் குறைவானோரே உள்ளனர். அமாவிலும் சனத்தொகை பெருகிவிடவில்லை. வீழ்ச்சி தடுக்கப்பட்டது என்பதே உண்மை. ஆனால் வீழ்ச்சியின் வேகம் குறைந்த இடங்களிலெல்லாம் மூன்று விடயங்களைப் பொதுவாகக் காண்கின்றோம். தீர்மானம் ஊரில் எடுக்கப்பட்டது. பாடசாலையும் பிள்ளைகளும் முதலிடம் பெற்றனர். தலைமை தாங்கியவர்கள் தியாகத்தைத் தம்மிடமிருந்து தொடங்கினர்.

காப்பாற்றுவதா, கைவிடுவதா?

2024 ஜனவரி முதலாம் திகதி நோட்டோ குடாநாட்டைப் பூமியதிர்ச்சி தாக்கியது. முதியோர் நிறைந்த மலை, கரையோரக் கிராமங்கள் சிதைந்தன. இன்னும் இருபதாண்டுகளில் ஆளற்றுப் போகவுள்ள ஊருக்கு வீதியையும் நீர்க்குழாயையும் மீள அமைக்க வேண்டுமா, மக்களை நகரில் குடியமர்த்துவது சிக்கனமல்லவா என்ற கேள்வி ஜப்பானில் வெளிப்படையாகவே எழுந்தது. கணக்கின்படி அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால், எண்பது வயது மூதாட்டியிடம் அவளது வீட்டையும் தோட்டத்தையும் முன்னோரின் கல்லறையையும் விட்டுவிடு என்று கூறும் உரிமை கணக்குக்கு உண்டா? எல்லா ஊர்களையும் காப்பாற்ற இயலாது என்பதை ஏற்றுக்கொண்டாலும், எந்த ஊர் எப்போது, எவ்விதம் ஒடுங்க வேண்டும் என்பதை அவ்வூரவரே தீர்மானிக்க வேண்டும் என்று வாதிடுவோரின் பக்கமே நியாயம் இருப்பதாக எமக்குத் தோன்றுகின்றது. கடைசி மனிதர் இருக்கும்வரை பஸ்ஸும் வைத்தியரும் தபாலும் அங்கு செல்ல வேண்டும் என்பது கருணையன்று, குடியுரிமையின் பகுதியாகும்.

எமக்கும் இதில் பங்குண்டு

இக்கதை தூரதேசத்துக் கதையன்று. தனது முதியோரைப் பராமரிக்கவும் வயலையும் தொழிற்சாலையையும் நடத்தவும் கைகள் போதாத ஜப்பான், இலங்கை உள்ளிட்ட நாடுகளின் இளைஞர்களை அழைக்கின்றது. தொழில்திறன் கொண்ட பணியாளர்களை அனுப்புவதற்கான ஒப்பந்தம் 2019 இல் இரு நாடுகளுக்கும் இடையே கைச்சாத்தானது. ஜப்பானியக் கிராமத்தில் ஏற்பட்ட வெற்றிடத்தை எமது கிராமத்து இளைஞர் நிரப்பப் புறப்படுகையில், எமது கிராமத்தில் ஒரு வெற்றிடம் தோன்றுகின்றது. அதனை நிரப்ப யார் வருவார்?

2024 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் சனத்தொகை ஏறத்தாழ 2 கோடி 18 இலட்சம். வருடாந்த வளர்ச்சி வீதம் 0.5 அளவுக்கு இறங்கிவிட்டது. பிறப்புகளும் வேகமாகக் குறைந்து வருகின்றன. ஜப்பான் செல்வம் ஈட்டிய பின்னரே முதுமையடைந்தது. நாமோ செல்வம் ஈட்டுமுன்னரே முதுமையை நோக்கி நடக்கின்றோம்.

வடக்கு, கிழக்கில் இதன் தாக்கம் இருமடங்கானது. யுத்தத்தால் பெயர்ந்தோரும், புலம்பெயர்ந்தோரும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் விட்டுச் சென்ற ஊர்களுக்கு வீடமைப்புத் திட்டங்கள் வந்துள்ளன. ஆனால், வீடு மட்டும் குடும்பத்தைத் திரும்பக் கொண்டுவராது. புத்தளத்திலோ வவுனியாவிலோ யாழ்ப்பாண நகரிலோ பிள்ளையின் பாடசாலையும் தொழிலும் வேரூன்றிவிட்ட குடும்பம், ஊரில் ஆசிரியரும் வைத்தியரும் பஸ்ஸும் இருக்கின்றனவா என்றே முதலில் கேட்கும். ஜப்பானியக் குடும்பமும் அதனையே கேட்கின்றது. மாணவர் குறைந்த பாடசாலைகளை மூடுவது பற்றி இங்கும் பேசப்படும் வேளையில், அமா தீவின் அனுபவத்தைக் கல்வி அதிகாரிகள் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. மாணவர் குறைந்ததால் பாடசாலையை மூடுவது எளிது. பாடசாலை மூடப்பட்டதால் ஊரை இழந்தபின் அதனைத் திறப்பது எவராலும் ஆகாது.

இன்னொன்றையும் கூறாமல் இருக்க இயலவில்லை. 2018 இல் தெரிவான எமது உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்தது. 2025 மே மாதத் தேர்தல் வரை ஈராண்டுகளுக்கு மேலாக அவை மக்கள் பிரதிநிதிகள் இன்றியே இயங்கின. ஊரின் எதிர்காலத்தை ஊரவர் தீர்மானிக்க வேண்டுமாயின், அதற்கான சபை உயிருடன் இருக்க வேண்டும். தெரிவான உறுப்பினர்களும் வீதி விளக்குக்கும் வடிகாலுக்கும் அப்பால் சிந்திக்க வேண்டும். தமது வட்டாரத்தில் எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, பத்தாண்டுகளில் பாடசாலையில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள், தனித்து வாழும் முதியோர் எத்தனை பேர் என்பவற்றைக் கணக்கெடுப்பதற்குக் கோடிக்கணக்கான நிதி தேவையில்லை. ஒரு கொப்பியும் ஒரு பேனாவும் ஊரின் மீது அக்கறையும் போதும்.

ஜப்பான் பணத்தால் முயன்று தோற்ற இடங்களும், சிறிய ஊர்கள் தம் அறிவால் முயன்று தாக்குப்பிடித்த இடங்களும் எம் கண்முன்னே உள்ளன. அந்நாட்டிடம் இருந்த பணம் எம்மிடம் இல்லை. எனவே, அது செய்த தவறுகளைச் செய்து பார்க்கும் வசதியும் எமக்கில்லை. நகோரோவின் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பொம்மைப் பிள்ளைகளுக்குப் பாடம் தேவையில்லை. எமது கிராமத்து வகுப்பறைகளில் இன்னும் உயிருள்ள பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே விழித்துக்கொள்வதுதான் எமது ஆட்சியாளர்களுக்கும், சமூகத் தலைவர்களுக்கும், எமக்கும் உள்ள கடமையாகும்.